காலியாகக் கிடந்த கண்ணிகள்

நவம்பர் 4
பீவருக்கு ஆறு கம்பி வளையக் கண்ணி வைத்தேன், ஆறும் காலி. பீவர் என்றால் குச்சியும் சேறும் வைத்து ஓடையில் அணை கட்டும் பெரிய கொறிவிலங்கு. மூன்று வளையங்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அணையில் புதுச் சேறு அப்பியிருக்கிறது, பட்டை உரித்த குச்சிகள் வெள்ளைவெளேரென்று மிதக்கின்றன. பீவர் ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு என் கம்பியைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. சாலைக்கு அடியில் போகும் நீர்க்குழாயின் வாயும் மறுபடி அடைபட்டுவிட்டது.

நவம்பர் 5
அணைமேல் அது ஏறி இறங்கும் இடம் வழவழவென்று ஈரமாக இருக்கும். அதைப் பார்த்ததும் எல்லாரும் அங்கேதான் கண்ணி வைப்போம், நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் அணைக்கு வரும் பீவர் வெறுங்கையோடு வராது. சேற்றை மார்போடு அணைத்துக்கொண்டோ குச்சியைக் கவ்விக்கொண்டோ வரும். தலைக்கு முன்னால் அந்தச் சுமை போய் வளையத்தில் இடிக்கிறது, வளையம் சாய்கிறது, அவ்வளவுதான். தவிர, என் வளையம் இருபது சென்டிமீட்டர்தான். வளர்ந்த பீவர் இருபது கிலோவுக்கு மேலேயும் இருக்கும். இருபத்தைந்தாக அகட்டி, பீவர் மரம் வெட்டப் போகும் வாய்க்கால் பாதைக்கு மாற்றினேன். கரைக்குப் போகும்போது அது சுமை இல்லாமல்தான் போகும்.

நவம்பர் 6
மழை. தண்ணீர் ஒரு சாண் ஏறிவிட்டது, வளையங்கள் அடியில் மூழ்கிக் கிடக்கின்றன. மேலே நீந்திப் போயிருக்கும். இனி ஒரு குச்சியில் கத்தியால் கோடு போட்டு நீர்மட்டத்தைக் குறித்து வைக்கணும்.

நவம்பர் 8
சிக்கியிருக்கிறது, ஆனால் கம்பி அறுந்திருக்கிறது. முனையில் இழைகள் குஞ்சம்போல விரிந்திருந்தன. முளையில் நேராகக் கட்டினேன், நடுவில் சுழலி, அதாவது முறுக்கும்போது கூடவே சுற்றும் இணைப்பு, போடவில்லை. பிடிபட்ட பீவர் உருண்டு உருண்டு முறுக்கும். சுழலி இல்லாவிட்டால் கம்பி மடங்கி, மடங்கிய இடத்திலேயே அறும். கழுத்தில் கம்பியோடு அது எங்கேயோ அலைகிறது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. உரிமம் வாங்கிவிட்டால் மட்டும் போதாது போலிருக்கிறது. எல்லாக் கண்ணியையும் எடுத்துவிட்டேன். சுழலி மாட்டாமல் ஒன்றும் தண்ணீருக்குள் போகாது.

நவம்பர் 11
இன்றைக்கு நடந்ததை யாரிடமும் சொல்லப்போவதில்லை, இங்கே எழுதுவதோடு சரி. முளையையே காணோம். கரையோரம் கிடந்த பச்சை பாப்லர் கிளையைத்தான் கூராக்கி அடித்திருந்தேன். பீவருக்குப் பாப்லர் என்றால் உயிர். தண்ணீருக்கு மேலே நாலு விரல் கட்டை நிற்கிறது, அதில் உளியால் செதுக்கினதுபோல ஜோடி ஜோடியாகப் பல்தடம். விருந்து வைத்து அனுப்பியிருக்கிறேன்! அப்புறம் காய்ந்த கட்டைகளாகத் தேடி அடித்தேன்.

நவம்பர் 13
ஒன்று கிடைத்தது. வாய்க்கால் பாதையில், கழுத்தில், ஆழமான பக்கம்.

டிசம்பர் 15
குளம் உறைந்துவிட்டது. நேற்று காய்ந்த கழியில் பச்சை பாப்லர் துண்டுகளைக் கட்டி, இரு பக்கமும் வளையம் தொங்கவிட்டு, பனிக்கட்டியில் போட்ட ஓட்டை வழியே இறக்கினேன். இன்றைக்குப் பார்த்தால் வளையத்தின் மேல்பாதி பனிக்கட்டிக்குள் சிக்கி அசையவில்லை. பனி கீழ்நோக்கித்தான் தடிக்கும், அதற்கு நான் இடம் விடவில்லை.

டிசம்பர் 17
இரண்டு சாண் கீழே இறக்கினேன். இடத்தையும் மாற்றினேன். மேலே கிடந்த பொடிப்பனியைத் துடைத்ததும், பீவரின் வீட்டிலிருந்து அது சேர்த்து வைத்திருக்கும் தீனிக் குவியல்வரை பனிக்கட்டிக்குள் வெள்ளைக் குமிழ்கள் வரிசையாகத் தெரிந்தன. அது நீந்தும்போது விட்ட காற்று, அப்படியே உறைந்து நிற்கிறது. அந்த வரிசையின் நடுவில்தான் புது ஓட்டை. அதன் வீட்டுக்குப் பக்கத்தில் பனி மெலிசு, அங்கே கால் வைக்கவில்லை.

டிசம்பர் 18
கழியைத் தூக்கும்போதே கனத்தது.