கதிரை எண்ணுகிற ஐயா

2011 இல் முல்லைத்தீவு மாவட்டத்துக்கு உளவளத்துணையாளராகப் போனபோது என் பையில் இருந்தவை ஒரு கட்டுக் கேள்விப் படிவம், சுருட்டிய சார்ட் பேப்பர், நாலு மார்க்கர் பேனை. 2009 போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமில் இருந்து சனங்களைக் கட்டம் கட்டமாகக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்த காலம் அது. முகாம் முழுதாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான். ஊருக்கு வந்தவர்களுக்கு ஊர் என்று இருந்தது பற்றை மண்டிய காணியும், நடுவில் ஒரு தறப்பாள் கொட்டிலும்.

படிவத்தின் முதல் கேள்வி நித்திரை பற்றியது. ஒரு அம்மா சொன்ன பதிலை எந்தப் பெட்டியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

“காம்பில நித்திரை வந்தது பிள்ளை. இஞ்சதான் வரேல்லை.”

முள்ளுக்கம்பிக்குள், வெக்கைக்குள், தண்ணீருக்கு வரிசையில் நின்ற இடத்தில் நித்திரை வந்ததாம். சொந்தக் காணியில் வரவில்லையாம். பிறகு அவரே விளக்கினார். “அங்க பக்கத்துக் கொட்டிலில ஆரும் இருமினாக் கேக்கும்.” வன்னிக் காணிகள் யாழ்ப்பாணத்து வளவுகள் போல ஒட்டி ஒட்டி இருப்பதில்லை. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று விரிந்து கிடக்கும். முந்தி அந்தத் தூரத்தை நிரப்ப ஆட்கள் இருந்தார்கள். இப்போது பக்கத்துக் காணிக்காரர் ஒருவர் கனடாவில், இன்னொருவர் எங்கே என்றே தெரியாது.

வன்னிப் போரின் காயம் தனி ஆளின் மனதோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைக்கிறது என்று பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். பயிற்சியில் அதைப் படித்துக் குறிப்பும் எடுத்திருந்தேன். விளங்கியது அந்த இருமல் கதையில்தான்.

குழு வேலை என்று நான் தொடங்கியதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முன்பள்ளிக் கட்டிடத்தில் பாய் விரித்து, “கண்ணை மூடுங்கோ, மூச்சை மெல்ல இழுங்கோ” என்றேன். ஒருவரும் மூடவில்லை. “மூடினா அதுதான் மிஸ் வருது” என்றார் ஒருவர். நான் சார்ட் பேப்பரைச் சுருட்டி வைத்தேன். கச்சான் பிடுங்கும் காலத்தில் தோட்டத்துக்குப் போய் அவர்களோடு குந்தியிருந்து, செடியில் இருந்து கச்சான் ஆய்ந்தபோதுதான் வாய்கள் திறந்தன. கை வேலையில் இருந்தது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. ‘மிஸ்’ என்பது ‘பிள்ளை’ ஆனதும் அங்கேதான்.

கதிரை ஐயாவைச் சந்தித்தது அதற்கும் பிறகு. முள்ளிவாய்க்காலில் மனைவியையும் இளைய மகளையும் இழந்தவர். பங்கருக்குள்ளேயே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு மற்றப் பிள்ளைகளோடு ஓடியவர். ஆண்டுக்கணக்காக ஆரோடும் பேசாமல் முற்றத்து வேம்பின் கீழ் இருந்தார். மாவட்ட வைத்தியசாலை கிளினிக்கில் மருந்து தொடங்கினோம். அந்த அட்டையைச் சொப்பின் பையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்திருப்பார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘ஊர் கூடினால் போதும், குளிசை எதற்கு’ என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அந்தக் குளிசை இல்லாவிட்டால் அவர் கிராமத்தின் முதல் செத்தவீட்டுக்குக்கூட எழும்பிப் போயிருக்கமாட்டார்.

ஆனால் போனார். மரண சகாய சங்கம் அப்போதுதான் திரும்பத் தொடங்கியிருந்தது. வீட்டுக்கு வீடு மாதக் காசு சேர்த்து 80 பிளாஸ்டிக் கதிரை, ஒரு பெரிய தறப்பாள், இரண்டு கிடாரம் வாங்கினார்கள். வைக்க இடமில்லாமல் அவருடைய கொட்டிலில் அடுக்கினார்கள். அவ்வளவுதான். ஒருவரும் அதைச் சிகிச்சை என்று நினைக்கவில்லை, நான் உட்பட. சாமான் வீட்டில் இருந்ததால், செத்தவீடு என்றால் ஆட்கள் அவரிடம் வந்தார்கள். லான்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் கதிரை ஏற்றிப் போவார், முடிந்ததும் எண்ணி ஏற்றி வருவார். வெடித்த கதிரைக்கு ஆணியைச் சூடாக்கி ஓட்டை போட்டு, தங்கூசி நூலால் தைப்பார். ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தையல் நேராக, காயத்துக்குப் போட்ட இழை மாதிரி இருந்தது.

“அண்டைக்கு அதுகளுக்கு ஒரு பாய் விரிக்கேல்லை. சேலை போர்த்தேல்லை. இப்ப ஊருக்குக் கதிரையாவது போடுறன்” என்றார். நூலைப் பல்லால் கடித்தபடி சொன்னார். ஒரு வருடமாக நான் கேட்டும் வராத கதை அது.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு இதுவும் இல்லை. செத்தவீடு இல்லை, அந்தியேட்டி இல்லை, பொட்டு வைப்பதா அழிப்பதா என்பதற்கு விடையில்லை. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தாய்மார் போராட்டக் கொட்டில் போட்டு உட்கார்ந்தபோது, எங்களிடம் வந்துகொண்டிருந்த சிலரும் அங்கே போனார்கள். அவர்கள் கேட்டது நீதி, ஆறுதல் அல்ல. அதைக் குழப்பக்கூடாது. ஆனால் அங்கே போய்வந்த ஒரு தாய் சொன்னார்: “அங்க ஒருத்தருக்கும் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.”

உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையை உணர்வதாக உலக சுகாதார நிறுவனம் 2025 இல் அறிக்கை விட்டது. பஸ்சுக்குக் காத்திருந்தபோது போனில் படித்தேன். சரிதான். ஆனால் வன்னியில் உறவே கழுத்தை நெரித்த கதையும் உண்டு. நுண்கடன்காரர்கள் பிணையாகக் கேட்டது காணி உறுதியையோ நகையையோ அல்ல, அயலை. ஐந்தாறு பெண்கள் ஒரு குழு. ஒருத்தி கிழமைக் காசு கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். கச்சான் ஆய்ந்த அதே கைகள் படலையைத் தட்டத் தொடங்கின. என்னிடம் வந்த ஒரு பெண், கடன் நாளில் பிள்ளைகளோடு கோவில் மடத்தில் போய் இருப்பார். பக்கத்து வீட்டக்கா அவருக்காக மூன்று தவணை கட்டி, ஊர் முன்னால் ஏசி, பிறகு பேச்சை விட்டவர். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. இருவருக்கும் இடையில் விட்டுப்போன பேச்சை அது தீர்க்கவில்லை. நான் இரண்டு தரம் சமாதானம் பேசப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

பிறகு அந்த அக்காவின் தாய் இறந்தார். எங்கள் பக்கத்தில் கலியாண வீட்டுக்குக் கோபத்தில் போகாமல் விடலாம், செத்தவீட்டுக்கு விடமுடியாது. அந்தப் பெண் குசினிப் பக்கமாக வந்து, ஒன்றும் பேசாமல் தேத்தண்ணிக் கிடாரத்தடியில் நின்றுகொண்டார்.

பின்னேரம் எல்லாம் முடிந்து ஐயா கதிரை எண்ணினார். 79. திரும்ப எண்ணினார். நானும் தேடிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் அவரோடு போனேன். கிணற்றடியில் அந்த ஒரு கதிரை இருந்தது. அதில் அக்கா இருந்தார், அழுது வீங்கிய கண்ணோடு. கீழே குந்தியிருந்து அந்தப் பெண் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா கழுவியவற்றை வாங்கிக் கடகத்தில் கவிழ்த்து வைத்தார். இருவரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஐயா கதிரையைக் கேட்கவில்லை. “நாளைக்கு எடுப்பம்” என்று மெல்லச் சொல்லிவிட்டு லான்ட்மாஸ்டரடிக்குப் போனார்.