வெள்ளலூர்க் காசும் யூதர் வரியும்

நொய்யல் கரை வெள்ளலூரில் 1842 ஆம் ஆண்டு கிடைத்த உரோமைப் புதையலில் அகுஸ்து, திபேரியு ஆகிய இரு பேரரசர்களின் வெள்ளிக்காசுகளே மிகுதி. கொடுமணல் மணிகளையும் படியூர்ப் பெரில் கற்களையும் நாடி வந்த வணிகத்தின் சாட்சியாக அவற்றைக் கொங்கு மக்களாகிய நாம் பெருமையோடு நினைக்கிறோம். ஆனால் அதே திபேரியுவின் காசு, அதே காலத்தில், எருசலேமைச் சூழ்ந்த யூதர் நாடாகிய யூதேயாவில் மனத்தைப் புண்படுத்தும் பொருளாக இருந்தது. பேரரசரின் தலையும், அவர் தெய்வமாகிய அகுஸ்துவின் மகன் என்னும் எழுத்தும் அதில் இருந்தன. உருவ வழிபாட்டை அறவே விலக்கிய ஒரு மக்கள் உரோமைக்கு வரி கட்ட வேண்டியிருந்தது. இராயனுக்கு, அதாவது உரோமைப் பேரரசருக்கு, வரி கொடுக்கலாமா என்று இயேசுவிடம் கேட்டவர்கள் காட்டிய காசு இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்தக் கேள்வி வெறும் வாதத்துக்காகக் கேட்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஏனெனில் கி.பி. 6 இல் உரோமை யூதேயாவை நேரடியாக ஆளத் தொடங்கிக் குடிமதிப்பு எடுத்தபோதே, கலிலேயனாகிய யூதா என்பவன் அதை அடிமைத்தனம் என்று சொல்லி மக்களைக் கிளர்ச்சிக்கு அழைத்திருந்தான்.

யூதரும் கிறிஸ்தவரும் பிரிந்த கதையைக் கோட்பாட்டுச் சண்டையாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்தப் பிரிவில் வரிக்கணக்குக்கும் பெரும் பங்கு உண்டு என்பதே என் துணிபு.

கி.பி. 70 இல் உரோமைப் படைத்தலைவன் தீத்து எருசலேம் ஆலயத்தை அழித்தபின், அதுவரை யூத ஆண்கள் ஆண்டுதோறும் ஆலயத்துக்குச் செலுத்திய அரைச் சேக்கல் என்னும் வெள்ளிக் காணிக்கையை, உரோமையின் ஜூப்பிட்டர் கோயிலுக்குரிய இரண்டு தெனாரிய (உரோமை வெள்ளிக்காசு) வரியாகப் பேரரசர் வெஸ்பாசியான் மாற்றினார். பெண்களும் குழந்தைகளும்கூட அதற்கு உட்பட்டனர். தம் கோயிலை இடித்தவனின் தெய்வத்துக்கே தம் காணிக்கை போவதைப் பார்த்திருந்த அந்தத் தலைமுறையின் துயரத்தை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. பின்வந்த பேரரசர் தொமித்தியன் காலத்தில் இவ்வரி கடுமையாக வசூலிக்கப்பட்டது. தொண்ணூறு வயது முதியவர் ஒருவர், வரிக்குரிய யூதரா என்று அறிய, விருத்தசேதனம் செய்தவரா என்று மக்கள் நிறைந்த மன்றத்தில் சோதிக்கப்பட்டதைத் தம் இளமையில் கண்டதாக உரோமை வரலாற்றாசிரியர் சுவெத்தோனியு எழுதுகிறார்.

கி.பி. 96 இல் ஆட்சிக்கு வந்த நெர்வா, இவ்வரியின் பெயரால் நடந்த பொய்க் குற்றச்சாட்டு ஒழிந்தது என்று காசிலேயே பொறித்தார். முன்னோர் வழக்கத்தை வெளிப்படையாகக் கைக்கொள்வோரே யூதர் என்னும் வரையறை இதன்பின் உறுதிப்பட்டதாக வரலாற்றாசிரியர் சிலர் கூறுவது ஏற்கத்தக்கதே. வரி செலுத்தியவர்க்குத் தொன்மையான சமயத்தார் என்னும் ஏற்பு நீடித்தது. யூதராக எண்ணப்படாத கிறிஸ்தவருக்கு அந்தக் காப்பு இல்லை. ஏறத்தாழ கி.பி. 112 இல் இன்றைய துருக்கியில் உள்ள பித்தினியாவை உரோமை ஆளுநராக ஆண்ட பிளினி, மும்முறை கேட்டும் தாங்கள் கிறிஸ்தவரே என்று உறுதியாகச் சொன்னவர்களைக் கொலைத் தண்டனைக்கு அனுப்பியதாகவும், மறுத்தவர்களைப் பேரரசர் திராயானின் உருவத்துக்குத் தூபமும் மதுவும் படைக்கச் செய்து விடுவித்ததாகவும் அப்பேரரசருக்கே எழுதியிருக்கிறார்.