கூட்டுச்சொல்லை எங்கே உடைப்பது?

சென்னையில் இருந்தபடி ஐரோப்பியப் பதிப்பகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்யும் வேலை என்னுடையது. டச்சுப் புத்தகம் வந்தால் நான் முதலில் பார்ப்பது வரி முடிவுகளைத்தான். அந்த மொழியில் கூட்டுச்சொல்லை இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுவார்கள். சொல் நீண்டுகொண்டே போகும். வரி முடிவில் ஹைபன் போட்டு உடைக்காமல் தீராது.

உறுப்புச் சொற்கள் சேரும் இடத்தில் உடைக்க வேண்டும் என்பது விதி. சரி, அந்த இடம் எது? ‘க்வார்ட்ஸ்லாகன்’ என்ற சொல்லை ‘க்வார்ட்-ஸ்லாகன்’ என்று உடைத்தால் கால்வட்டத் திருப்பங்கள். ‘க்வார்ட்ஸ்-லாகன்’ என்று உடைத்தால் குவார்ட்ஸ் கனிம அடுக்குகள். எழுத்தில் துளி வித்தியாசம் இல்லை. ஒரு புவியியல் பாடநூலின் ப்ரூஃபில் இது கால்வட்டத் திருப்பமாக உடைந்து நின்றது. சொல்லைத் தானாக உடைக்கும் மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. ஃபிராங்க் லியாங் 1983-ல் ஸ்டான்ஃபோர்டில் தன் முனைவர் ஆய்வில் வகுத்த முறையைத்தான் பல மென்பொருள்கள் பின்பற்றுகின்றன. அது எழுத்து வரிசையைப் பார்க்கும், பொருளைப் பார்க்காது.

அதனால் புதிதாகச் சேருகிறவர்களிடம், வாய்விட்டுப் படியுங்கள் என்பேன். டச்சுக் கூட்டுச்சொல்லில் முக்கிய அழுத்தம் பெரும்பாலும் முதல் உறுப்பில் விழும். (நகர மன்றக் கட்டடத்தைக் குறிக்கும் ‘ஸ்டாட்ஹௌஸ்’ போல இரண்டாம் உறுப்பில் விழுவதும் உண்டு.) ‘massagebed’ என்ற ஒரே எழுத்துக்கூட்டலை ‘மஸாஷ-பெட்’ என்று படித்தால் மசாஜ் கட்டில், அழுத்தம் ‘ஸா’வில். ‘மஸா-கபெட்’ என்று படித்தால் பெருந்திரளின் பிரார்த்தனை. அழுத்தம் முதல் அசைக்குப் போய்விடும், ‘ஷ’ இருந்த இடத்தில் தொண்டையிலிருந்து ஒரு ‘க’ வரும். வாக்கியத்துக்குப் பொருந்தும்படி சொல்லிப் பார்த்தாலே உடையும் இடம் தானாகத் தெரியும். க்வார்ட்ஸ்லாகன் அப்படிப் பிடிபடாது. எப்படி உடைத்தாலும் அழுத்தம் முதல் அசையில்தான், ஒலியும் ஏறக்குறைய ஒன்றே. அங்கே முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைப் படித்தே ஆக வேண்டும். இதற்கு நேரம் வேண்டும் என்று நான் எப்போதும் கேட்டு வாங்கிவிடுவேன். மாணவன் கையில் போகிற புத்தகம் அல்லவா?

அப்புறம், புள்ளிகள். ‘ரேயூனி’ (reünie, மீண்டும் ஒன்றுகூடல்) என்ற சொல்லில் அடுத்தடுத்து வரும் இரண்டு உயிரெழுத்துகளும் சேர்ந்து ஒலிக்காதிருக்க இரண்டாவதன் தலையில் இரு புள்ளி வைப்பார்கள். சொல் சரியாக அந்த இடத்தில் உடைந்தால் புள்ளிகளை எடுத்துவிட வேண்டும். பிரிக்கும் வேலையை ஹைபனே செய்துவிடுகிறது. இதையெல்லாம் மென்பொருளில் விதியாகவே எழுதி வைத்துவிட்டோம். கூட்டுச்சொற்களை மட்டும் இன்றும் கடைசி ப்ரூஃப் வரை ஆள் உட்கார்ந்துதான் பார்க்கிறோம்.