பாபிலோன் டிராகனுக்கு வௌவால் இறக்கை எதற்கு?

இணையத்தில் "மெசபடோமியா டிராகன்" என்று தேடினால் வந்து விழுபவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பிய டிராகன்கள்தான். வௌவால் இறக்கை, வாயில் நெருப்பு, பின்னால் பெயருக்கு ஒரு ஜிகுராட் (படிப்படியாக உயரும் கோயில் கோபுரம்). ஆனால் இன்றைய ஈராக்கை ஒட்டிய அந்த மண்ணின் டிராகன்களுக்குத் தெளிவான உடற்கூறு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் ஓவியம் தானே தனித்து நிற்கும்.

தொடங்க வேண்டிய இடம் முஷ்ஹுஷ்ஷு. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நெபுகாத்நேசர் பாபிலோனில் கட்டிய இஷ்தார் வாயிலில் வரிசை வரிசையாக நடந்து போகிறதே, அதுதான். பாபிலோனின் தலைமைக் கடவுள் மர்துக்கின் விலங்கு. 1899 முதல் 1917 வரை அங்கே அகழாய்வு நடத்தியவர் ராபர்ட் கோல்டவே. மீட்டுக் கட்டிய வாயில் பெர்லின் பெர்காமோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உறுப்புகளைப் பார்ப்போம். பிளவுபட்ட நாக்குடன் சிறிய பாம்புத் தலை. நிமிர்ந்த நீண்ட கழுத்து, அதன் பின்புறம் சுருள் சுருளாகப் பிடரி. செதில் மூடிய ஒல்லி உடல். முன்னங்கால்களில் சிங்கம் போன்ற பூனையினப் பாதம், பின்னங்கால்களில் கழுகின் நகங்கள். வால் நுனியில் தேள் கொடுக்கு. அது மிகச் சிறியது, பலர் வரைவது போல் ஈட்டி அளவுக்கு நீளாது.

பெரும்பாலும் சறுக்குவது பின்னங்காலில்தான். கழுகின் பாதம் என்றதும் தொடையிலிருந்தே பறவைக் காலாக மாற்றிவிடுகிறார்கள். சிற்பத்தில் அப்படி இல்லை: கணுக்கால் மூட்டு வரை நாற்கால் விலங்கின் அமைப்பு, பாதம் மட்டும் பறவையுடையது. இதை மாற்றினால் இடுப்பு உயர்ந்து, எடை முன்பக்கம் சாய்ந்து, நடை கெட்டுவிடும். 3டி மாடலில் எலும்புக்கூடு கட்டுகிறவர்கள் பின்னங்காலுக்கும் சிங்கத்தின் மூட்டு வரிசையையே வைத்துக்கொண்டு, விரல்களை மட்டும் மாற்றுவது நல்லது.

அடுத்தது கொம்பு. சுவரில் பக்கவாட்டுத் தோற்றம் என்பதால் ஒன்று மற்றொன்றை மறைக்கிறது. முக்கால் பக்கம் திருப்பி வரையும்போது இரண்டு கொம்பு கட்டாயம் வேண்டும். ஒற்றைக் கொம்பு முஷ்ஹுஷ்ஷுகள் உலாவுவதற்கு இந்தக் கவனக்குறைவுதான் காரணம்.

அளவுக்குக் கோல்டவேயின் குறிப்பு கைகொடுக்கும். ஒவ்வொரு விலங்கும் 13 செங்கல் வரிசை உயரம். அதற்கும் மேலுள்ள விலங்குக்கும் இடையே 11 வெற்று வரிசை. இந்த 24 வரிசையும் சேர்ந்து ஏறத்தாழ 2 மீட்டர். அதாவது ஒரு வரிசை 8 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், விலங்கு 1.1 மீட்டரை ஒட்டி வரும். ஆளை விழுங்கும் பூதமே இல்லை! நேராக எடுத்த புகைப்படத்தின் மேல் 13 வரிசைக் கட்டம் போட்டால், முதுகு எந்த வரிசையில், தாடை எந்த வரிசையில் என்று எண்ணியே நகலெடுக்கலாம்.

நிறம் குறைவு. நீலப் பின்னணி, வெண்மையான உடல், பிடரிக்கும் நகங்களுக்கும் மஞ்சள். செங்கல் மேலுள்ள கண்ணாடிப் பூச்சான மெருகில், மஞ்சளுக்கு ஈய ஆன்டிமனேட், வெள்ளைக்குக் கால்சியம் ஆன்டிமனேட் என்ற நிறமிகள். நிறங்களுக்கு நடுவே கறுப்புக் கண்ணாடிக் கோடு ஓடும். டிஜிட்டலில் அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு நிழலைக் குறைத்தால் மெருகுச் செங்கல் உணர்வு வரும்; மென்மையாகக் குழைத்தால் போய்விடும்.

மெசபடோமியா டிராகன் என்றதும் பலர் நினைக்கும் தியாமத் விஷயம் வேறு. ஐந்து நிறத் தலைகள் கொண்ட அவள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் படைப்பு. 1977இல் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பாபிலோனியரின் படைப்புக் காவியமான எனூமா எலிஷில் தியாமத் ஆதிக்கடல்; மர்துக் அவளை வெல்கிறார். வால் பற்றி ஒரு குறிப்பு உண்டு, ஐந்து தலை கிடையாது. "மர்துக்கும் தியாமத்தும்" என்று சுற்றிவரும், அசீரிய நகரமான நிம்ருத்தின் புடைப்புச் சிற்பத்தில் இருப்பதும் அவளல்ல. அது நினுர்தா என்ற கடவுளின் கோயிலில் இருந்தது, சிங்கமும் பறவையும் கலந்த உருவம். பல தலைதான் வேண்டுமென்றால் ஏழு வையுங்கள். ஈராக்கின் டெல் அஸ்மாரில் கிடைத்த, பாபிலோனுக்கு முந்தைய அக்காத் பேரரசு கால உருளை முத்திரையில் (களிமண்ணில் உருட்டிப் பதிப்பது) ஏழு தலை மிருகத்தைத் தேவர்கள் கொல்கிறார்கள். சில தலைகள் ஏற்கெனவே தொங்கிவிட்டன. தீக்கொழுந்துகள் எழுவது வாயிலிருந்து அல்ல, முதுகிலிருந்து.

நெருப்புக்குப் பதில் என்ன? அதே காவியம் சொல்கிறது: தியாமத் தன் மிருகங்களின் உடலில் இரத்தத்துக்குப் பதில் நஞ்சை நிரப்பினாள், அச்சுறுத்தும் ஒளியைப் போர்த்தினாள். இந்த ஒளியை உடலின் விளிம்பில் வையுங்கள், வாய்க்குள் அல்ல. வெட்டுக்காயத்தில் சிவப்புக்குப் பதில் நஞ்சின் நிறம். எந்த நிறம் என்பது உங்கள் விருப்பம்.

இறக்கை இல்லாமல் முடியாது என்பவர்களுக்கும் ஆதாரம் உண்டு. கி.மு. 22ஆம் நூற்றாண்டில் மெசபடோமிய நகரமான லகாஷை ஆண்ட குடேயாவின் கல் கிண்ணம், இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில். அதில் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும் இரண்டு டிராகன்களுக்கும் இறக்கை இருக்கிறது. ஆனால் அவை பறவையின் இறக்கைகள். தோல் சவ்வு அல்ல, இறகு வரையுங்கள்.