நாலு துளை மூக்கு

அலமாரியில் மிக்-15, சேபர் என்று பழைய போர் ஜெட்களின் குட்டி மாதிரிகள் எல்லாம் நிற்கின்றன. ஆனால் கை முதலில் போவது இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ஜெட் மெஸ்ஸர்ஷ்மிட் மீ 262 மேல்தான். 1/72 அளவு. நிஜத்தில் 12.5 மீட்டர் இறக்கை, இங்கே 17 சென்டிமீட்டர் சொச்சம். துத்தநாகக் கலவை வார்ப்பு, உள்ளங்கையில் கனமாக உட்காரும். மூக்கில் நாலு பொட்டுத் துளைகள்: 30 மி.மீ. பீரங்கிகள்.

இறக்கையைப் பின்னோக்கிச் சாய்த்தது வேகத்துக்காக என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முதலில் அதற்காக இல்லை. என்ஜின் எதிர்பார்த்ததைவிடக் கனத்துப்போனதால் எடைச் சமநிலைக்காகச் சாய்த்தார்கள். 1942 ஜூலை 18-ல் முதல்முறையாக ஜெட் பலத்தில் மட்டும் பறந்தது. அதன் யூமோ ஜெட் என்ஜின் 25 மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம்.

சக்கரக் கதவுகளைத்தான் தடியாக வார்த்துவிடுகிறார்கள், பார்த்தாலே எரிச்சல். பெட்டி பிரிக்காமல் வைத்தால் விலை ஏறுமாம். ஏறட்டுமே, என்னுடையது வெளியேதான் நிற்கும்.