மாமியார் வீட்டுக்குப் போகும் மண்

கோத்தகிரியில் பத்திரம் எழுதும் அலுவலகம் ஒன்றில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருவது பெரும்பாலும் தேயிலைத் தோட்டம்தான். ஐம்பது சென்ட், மிஞ்சினால் ஒரு ஏக்கர். அதில் தங்கள் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் போட அக்கா தங்கைகள் வருவார்கள். வண்டி வைத்துக் கூட்டிவருவதே அண்ணன்தான். "உங்களுக்கும் சம பங்கு உண்டும்மா, தெரியுமில்ல?" என்று கேட்பேன். "தெரியும்ண்ணா. பங்கை வாங்கிட்டு நாளைக்கு எந்த முகத்தோட பொறந்த வீட்டுக்குப் போறது?" என்பார்கள்.

இதற்குச் சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சொல்லிவிட்டது. (அதற்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டார்கள், அது தனி வயிற்றெரிச்சல்.) 2005-இல் வந்த மத்தியத் திருத்தம் அந்தக் குறையையும் நீக்கியது.

ஆனால் வழக்கத்தையே சட்டமாக எழுதி வைத்த இடம் ஒன்று இருக்கிறது. 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு. ஊர்ப் பெரியவர்களைத் திட்டுகிற அளவுக்கு இதை யாரும் திட்டுவதில்லை என்பது என் ஆதங்கம்.

வயதான அம்மா ஒருவர் பட்டா மாற்ற வந்தார். மகள் நர்ஸ். கல்யாணமான கொஞ்ச காலத்தில் கணவர் இறந்துவிட, குழந்தையும் இல்லாததால், அம்மாவோடு வந்து தங்கிவிட்டார். சம்பளத்தில் கடன் கட்டி ஒரு சின்ன வீடு வாங்கினார். உயில் எழுதாமலே இறந்துபோனார். அந்த வீடு சட்டப்படி கணவரின் தம்பிக்குப் போகும் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "சாவுக்கே வராதவன்ப்பா அவன்" என்றார் அந்த அம்மா.

பிரிவு அப்படித்தான் இருக்கிறது. பிள்ளைகளும் கணவரும் இல்லையென்றால் கணவரின் வாரிசுகள். அவர்களும் இல்லையென்றால்தான் பெற்றவர்கள். இறந்தது மகனாக இருந்தால் அம்மா முதல் வகுப்பு வாரிசு, அதாவது முதல் வரிசையிலேயே பங்கு பெறுகிறவர்! பெற்றோர் வழி வந்த சொத்து பிள்ளையில்லாத பெண்ணிடமிருந்து அப்பா வீட்டுக்கே திரும்பும் என்று அதே பிரிவு சொல்கிறது. சரி, சம்பாதித்த சொத்து எங்கிருந்து வந்தது? நர்ஸ் படிப்புக்குத் தோடு அடகு வைத்தது கொழுந்தனா?

2009-இல் உச்ச நீதிமன்றத்துக்கும் இப்படியொரு வழக்குப் போனது. கல்யாணமாகி மூன்றே மாதத்தில் விதவையாகி, புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, பெற்றோர் படிக்கவைத்து வேலைக்குப் போன பெண். அவர் சேமிப்பும் கணவர் வீட்டுக்கே போனது. அனுதாபத்தை வைத்து உரிமையை முடிவு செய்ய முடியாது என்றது நீதிமன்றம். இந்தப் பிரிவைத் திருத்தச் சொல்லி 2008-லேயே சட்ட ஆணையம் அறிக்கை கொடுத்தும் பலனில்லை.

தோடர், கோத்தர், இருளர் பெண்களுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. பழங்குடியினருக்கு மத்திய அரசு தனியாக அறிவித்தால்தான் உண்டு. அங்கே வழக்கம்தான் எல்லாம்.

இப்போதெல்லாம் தனியாக வாழும் பெண்கள் கிரயத்துக்கு வந்தால், கையோடு உயிலும் எழுதச் சொல்கிறேன். வெள்ளைத் தாள் போதும், இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், பதிவு கட்டாயமில்லை. "வாங்கின அன்னைக்கே சாவைப் பத்திப் பேசறீங்களே" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்களிடம் 15-ஆவது பிரிவை வாசித்துக் காட்டிவிடுவேன்.