கீரனூருக்கு அந்தப் பக்கம்

மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டியிருக்கும். ஊட்டி, கொடைக்கானல், இல்லையென்றால் மூணாறு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் இ-பாஸ் கொண்டுவந்த பிறகும் யாரும் அசரவில்லை. போய்விட்டு வந்தவர்களைக் கேட்டால் மலையைப் பற்றிச் சொல்வதைவிட, கொண்டை ஊசி வளைவில் வண்டி நகராமல் நின்ற கதையைத்தான் அதிகம் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஞாயிறு காலை கிளம்பி ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும். திங்கட்கிழமைக்கு மகளின் யூனிபார்மை அயர்ன் பண்ணத் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். திருச்சியில் குடியிருப்பவர்களுக்கு இதற்குப் புதுக்கோட்டைப் பக்கம் தாராளமாகப் போதும்.

வண்டி ஓட்டுவது நான். இவருக்கு ஞாயிறும் ஷிப்ட். அத்தைக்கு மூட்டுவலி, அதோடு "கல்லைப் பாக்க அவ்வளவு தூரம் நான் வரலை" என்று முன்பே சொல்லிவிட்டார். ஆக பின் சீட்டில் ஆறாவது படிக்கும் மகள், முன் சீட்டில் மாமா. அரசு வேலையில் ரோடு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கூட்டிக்கொண்டு எங்கே போனாலும், போகிற இடத்தைவிடப் போகிற சாலையைப் பற்றித்தான் முதலில் கருத்து வரும். விமான நிலையம், மாத்தூர், கீரனூர் வரைக்கும் எந்த வளைவில் சாய்மானம் சரியில்லை என்று கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

கீரனூர் தாண்டிச் சிறிது நேரத்தில் நார்த்தாமலை. அனுமார் தூக்கிக்கொண்டு போன சஞ்சீவி மலையிலிருந்து உதிர்ந்த துண்டுகள் என்று இந்தக் குன்றுகளைச் சொல்வார்கள். மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை என்று மொத்தம் ஒன்பது. "ஒன்பதும் ஏறணுமா தாத்தா?" என்று மகள் பயந்தாள். இல்லை, மேலமலை ஒன்றே போதும். ஏறுவதும் பெரிய பாடில்லை, வழுக்கைப் பாறைமேல் சாவகாசமான நடை. ஆனால் விடிந்ததும் போய்விட வேண்டும். பத்தரை மணிக்கு மேல் அந்தப் பாறையில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. மேலே கடை கண்ணி எதுவும் இல்லை. தண்ணீரும் இட்லிப் பொட்டலமும் கையில் இருக்க வேண்டும், காலிப் பாட்டிலைத் திருப்பி எடுத்துவரும் புத்தியும் வேண்டும். போகிற வழிச் சுனையோரத்தில் கிடந்த மது பாட்டில்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு திசைமாறிவிடும்.

மேலே விஜயாலய சோழீஸ்வரம். பெயர் சோழர் பெயராக இருந்தாலும் எடுத்தது இந்தப் பக்கத்துச் சிற்றரசர்களான முத்தரையர். வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். மேற்கே பார்த்த கோயில், சுற்றிலும் சின்னச் சின்னச் சன்னதிகள், சில இடிந்துபோயிருக்கின்றன. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்த்த கண்ணுக்கு இது சிறுசுதான். ஆனால் சுற்றிலும் வெறும் பாறையும் வானமும் இருப்பதால் அளவு பற்றிய யோசனையே வருவதில்லை.

வாசலில் துவாரபாலகருக்குக் கீழே ஒரு கல்வெட்டு. சாத்தம்பூதி என்ற இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி, அதாவது கல் கோயில், மழை இடித்து அழிந்தபோது மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுக்கினார் என்பது அதன் செய்தி. நான் இதைச் சொன்னதும் மாமா அங்கேயே நின்றுவிட்டார்.

"பாத்தியாம்மா. கட்டினவன் பேரும் இருக்கு, ரிப்பேர் பாத்தவன் பேரும் இருக்கு. நாங்க வெள்ளத்துல போன எத்தனை பாலத்தைச் சரி பண்ணிருக்கோம். எந்தக் கல்லுலயாவது எங்க பேரு இருக்கா? திறந்து வச்சவர் பேருதான் இருக்கும்."

அதற்கப்புறம் அவர் சிற்பம் எதையும் பார்க்கவில்லை. சுவரைச் சுற்றி வந்து, எந்தக் கல் பழசு, எது மாற்றி வைத்தது என்று கண்டுபிடிப்பதிலேயே இருந்தார். விரலால் இணைப்பைத் தடவி, நகம் நுழைகிறதா என்று பார்ப்பார். நுழையவில்லை என்றால் ஒரு "ம்". எனக்கு எல்லாக் கல்லும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது.

கோயிலுக்கு எதிரே பாறையைக் குடைந்து இரண்டு குடைவரைகள். சின்னது பழியிலீஸ்வரம், சிவனுக்கு. பெரியதைச் சமணர் குடகு, அதாவது சமணர் குகை என்பார்கள், ஆனால் உள்ளே நிற்பவர் திருமால், அதுவும் பன்னிரண்டு பேர். ஆள் உயரத்தில், சுவரோடு சுவராக, அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக நிற்கிறார்கள். பத்திரிகையில் வரும் ஆறு வித்தியாசம் போல மகள் ஒவ்வொருவரிடமும் போய்க் கையையும் கிரீடத்தையும் ஒப்பிட்டாள். நானும் மாமாவும் அதற்குள் வெளியே மேடையின் ஓரத்தில் யானைகள், யாளிகள் ஓடும் வரிசையைப் பார்த்து முடித்துவிட்டோம். அவள் வரவே இல்லை. வித்தியாசம் எத்தனை என்று கேட்டதற்கு, "சொன்னா அடுத்த தடவை நீங்களே பார்க்க மாட்டீங்க" என்றாள்.

பக்கத்து ஊருக்குப் போவதில் எனக்குப் பிடித்ததே அந்த 'அடுத்த தடவை'தான். தூரதேசம் போனால் ஓட்டல் வாடகைக்கு ஈடாக எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று ஓடுகிறோம். இங்கே அந்தக் கணக்கு இல்லை. கடம்பர்மலைக் கோயிலைப் பார்க்காமலே இறங்கினோம். எங்கே போய்விடப் போகிறது?

அடுத்துப் போன சித்தன்னவாசலிலும் அப்படித்தான். அங்கே ஏழடிப்பட்டம் என்று ஒன்று உண்டு. மலை உச்சி தாண்டிப் போனால் சமண முனிவர்கள் படுத்த வழுவழுப்பான பதினேழு கற்படுக்கைகள், அதில் ஒன்றில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து. உச்சி வெயிலில் அதில் ஏறுவது தண்டனை. நிழலாக இருக்கும் சமணக் குடைவரையான அறிவர் கோயிலுக்கு மட்டும் போனோம்.

அந்த விதானத்து ஓவியத்தைப் பற்றிப் பாடப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். படத்தில் பார்ப்பதைவிட நேரில் மங்கல். கழுத்து வலிக்க அண்ணாந்து கொஞ்ச நேரம் சும்மா நிற்க வேண்டும். முதலில் பச்சைத் திட்டுதான் தெரியும். பிறகு தாமரை இலை, அப்புறம் இலைக்கு நடுவே மீன், யானை, அன்னம், கடைசியாகப் பூப்பறிக்கும் ஆள். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "ஒண்ணுமே இல்லையே" என்று வெளியே போனவர்கள் நாங்கள் நின்ற நேரத்தில் மட்டும் நிறையப் பேர். கருவறைக்குள் நின்று 'ம்ம்' என்று முனகினால் சத்தம் அறையெல்லாம் நிறையும். மகளை அங்கிருந்து கிளப்புவது பெரும்பாடாகிவிட்டது.

இங்கேயும் ஒரு ரிப்பேர்க்காரர் இருக்கிறார். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. மாமாவுக்கு அன்றைய தினம் பூர்த்தியாகிவிட்டது.

சாப்பாடு புதுக்கோட்டையில். சுமார்.

நேராகத் திரும்பினால் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஆதனக்கோட்டை முந்திரி வாங்காமல் போவதா என்றார் மாமா. அது தஞ்சாவூர்ச் சாலையில் இருக்கிறது, சுற்றிக்கொண்டு போனால் இரண்டு மடங்குக்கு மேல். டீசல் என்னுடையது, ஆசை அவருடையது. சரி என்று திருப்பினேன்.

சாலையோரத்தில் பெண்கள் உட்கார்ந்து வறுக்கிறார்கள். கொட்டை சூடேற ஏறத் தோலிலிருந்து எண்ணெய் கசிந்து, வறுக்கிற சட்டியே குப்பென்று தீப்பிடிக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளறுவார்கள். பதம் வந்ததும் கீழே கொட்டி அணைத்து, கரியாகிப்போன தோட்டைக் கட்டையால் ஒரு தட்டு. பலமாகத் தட்டினால் பருப்பு இரண்டாகிவிடும், விலை இறங்கிவிடும். அந்த எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். உடைக்கிற விரல்களெல்லாம் கருத்திருந்தன. இதைப் பார்த்த பிறகு பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. மாமா பேசினார். எதிரில் இருந்த அம்மா, விலையைக் குறைக்காமல் கைப்பிடி உடைசலை மேலே போட்டுப் பேச்சை முடித்துவிட்டார்.

முழுப்பருப்பு அத்தைக்கு, உடைசல் வழியில் தின்ன என்றுதான் ஏற்பாடு. கந்தர்வகோட்டை வருவதற்குள் உடைசல் தீர்ந்தது. தஞ்சாவூர் பைபாஸில் முழுப்பருப்புப் பொட்டலமும் பிரிந்தது. வீட்டில் என்ன சொல்வது என்பதை மாமாவிடமே விட்டுவிட்டேன்.